செல்லா தட்டிய கால்

உ

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தோட்டத்து வீடு
ஸ்ரீமுக வருடம், தை 18

தங்கை ராசம்மாளுக்கு அக்காள் வள்ளியாத்தாள் எழுதுவது.

இன்று காலை கிணற்றடியில் இருந்தவர்கள்: நான், உன் மாமா பொங்கியண்ணன், மாடு பூட்டிச் சாலில் தண்ணீர் இறைக்கும் காளிச்சாமி, மோர் வாங்க வந்த பொன்னாத்தாள், உன் மகள் செல்லாத்தாள். ஆக ஐந்து பேர். எருதுகள் இரண்டையும் சேர்க்கவில்லை. நடந்ததை இத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள், நான் மட்டும் சொல்வதாக நீ நினைத்துவிடக் கூடாது.

பலகையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டினேன். பாதங்களுக்கு நடுவே கொஞ்சம் இடம் விட்டு, கணுக்கால் மேல் செல்லாவை உட்கார வைத்தேன். முகம் என்னைப் பார்த்து இருந்தது. கை இரண்டும் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டன. 'ஸ்ஸ்' என்று சொன்னேன். நாலைந்து நாளாக இப்படித்தான் சொல்லிக் கொண்டிருக்கிறேன். அவள் சிரிப்பாள், என் மூக்குத்தியைப் பிடிப்பாள், இறக்கி விட்டதும் துணியில் ஒன்றுக்குப் போவாள். இன்று காலிலேயே போய்விட்டாள், ராசு. போய்விட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

பொன்னாத்தாள் சும்மா இருப்பாளா? "ஏனக்கா, பத்து மாசத்துப் புள்ளைக்கு இதென்ன அவசரம்? தாசில் வேலைக்கா அனுப்பறீங்க?" என்றாள். மலைக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு வேறு என்ன சொல்வது?

நீ கார்த்திகையில் கிளம்பிய அன்று நாம் பேசிக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. மூத்தவனை அந்தத் தேயிலை எஸ்டேட் லயத்து அறையில் ஈரத் துணியிலேயே வைத்து, சளி கட்டி, பதினோராம் மாதம் நீ பறிகொடுத்தாய். இவள் துணி நனைக்காத பிள்ளையாக ஆன பிறகுதான் மலை ஏற வேண்டும் என்று நீயே சொன்னாய். பழனி ஆண்டவன் படத்துக்கு முன்னால் நானும் கை அடித்துக் கொடுத்தேன். வைகாசி பாதியில் அங்கே மழை இறங்கிவிடும். அதற்குள் பழக்கிவிட்டால் இந்த வருடம். இல்லாவிட்டால் அடுத்த தை.

ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். ஒரு பக்கம் 'காலில்', மறு பக்கம் 'துணியில்'. பஞ்சாங்கத்தைப் பார்த்துப் படித்த எழுத்துதான், ஆனால் கணக்கில் பிசகு வராது.

உன் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது?

வள்ளியாத்தாள்

*

சின்னக்கானல், எஸ்டேட் லயம்
மாசி 1

அக்காவுக்கு ராசம்மாள் வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் காகிதம் வந்தது. பக்கத்து அறைச் சின்னத்தாயும் நானும் கொழுந்து எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தோம். ஏழு தடவை படித்தேன். அதற்கு அப்புறம் படிக்காமல் வைத்துக்கொண்டே இருந்தேன். சின்னத்தாய் கேட்கிறாள்: "ஏட்டி ராசம்மா, காயிதத்த என்னத்துக்கு மோந்து பாக்கே? உள்ள கருவாடா வச்சு அனுப்பியிருக்காவ?"

அவள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. வாய் அப்படி, மனசு நல்லது.

அக்கா, செல்லா உங்களை ஏறிட்டுப் பார்த்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படிப் பார்த்தாள்? பயந்தா, சிரித்தா? அவளுக்கு இடது புருவம் கொஞ்சம் தூக்கும். இன்னும் தூக்குகிறதா? இதையெல்லாம் நோட்டில் எழுத இடம் இருக்காது, எனக்கு மட்டும் எழுதுங்கள்.

அவருக்குக் காய்ச்சல் மூன்று நாளைக்கு ஒரு முறை வருகிறது. குளிர் தூக்கிப் போடும்போது மேலே இரண்டு சாக்கைப் போட்டு நானும் அமுக்கிப் பிடிக்கிறேன். விட்டதும் எழுந்து தேயிலை வாட்டும் மாடிக்குப் போய்விடுகிறார். விட்டு வந்தால் வேலை போய்விடும். நான் கூட இல்லாவிட்டால் ஆளே போய்விடுவார். இதை உங்களுக்கு நூறு தடவை சொல்லிவிட்டேன். எனக்கே சொல்லிக் கொள்வதுதான் அது.

பால் நின்று இருபது நாள் ஆகிறது. முதலில் இரவிக்கை எல்லாம் நனைந்தது. துணி நனைந்ததற்காகப் பிள்ளையை அங்கே விட்டு வந்தேன், இங்கே நான் நனைந்துகொண்டு நின்றேன். இப்போது அதுவும் இல்லை.

சாயங்காலம் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்கிறேன். நீங்கள் எழுதியபடி பாதத்துக்கு நடுவே இடம் விட்டு. "என்னட்டி, கால் நோவுதா?" என்று சின்னத்தாய் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அவள் துணி ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள்.

ராசம்மாள்

*

தோட்டத்து வீடு
மாசி 16

ராசுவுக்கு.

துவைக்காத துணியைத் தபாலில் போட எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பையில் யார் யார் வீட்டுக் கல்யாணக் காகிதம் போகிறதோ. அதற்குப் பதிலாக அவளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை துவட்டிய துண்டில் பாதியைக் கிழித்து அனுப்பியிருக்கிறேன். அதைத் துவைக்கவில்லை. மடித்தபடியே வைத்துக்கொள், வாசம் இருக்கும்.

கணக்கு: மாசி முதல் நாளிலிருந்து பதினைந்து வரை காலில் முப்பத்தொன்பது, துணியில் இருபத்திரண்டு. இரவைச் சேர்க்கவில்லை. விடிந்ததும் ஒன்று, கஞ்சி குடித்து அரை நாழிகையில் ஒன்று, தூங்கி எழுந்ததும் ஒன்று. மூன்றையும் கிணற்றடியில்தான் வைக்கிறேன். வீட்டுக்குள் கால் நீட்டினால் விளையாட்டு என்று நினைக்கிறாள். கிணற்றடியில் உட்கார வைத்தால் 'ஸ்ஸ்' சொல்வதற்குள் போய்விடுகிறாள். இடமும் பழக வேண்டும் அல்லவா?

இடது புருவம் தூக்குகிறது. ஏறிட்டுப் பார்த்தது பயந்து அல்ல. 'சரிதானே?' என்று கேட்கிற மாதிரி.

இப்போது சுவரைப் பிடித்து நிற்கிறாள். கீழ்ப் பல் இரண்டு வந்துவிட்டது. உன் மாமாவின் சுண்டு விரலைக் கடித்தாள். "கடிக்கறதுல இவொ அம்மா மாதிரியேதான்" என்கிறார். நீ சின்ன வயதில் அவரைக் கடித்த தழும்பைத் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை.

இதற்கு மேலே ஒரு வரி அடித்திருக்கிறேன். ஒன்றும் இல்லை, மை சிந்திவிட்டது.

கிருத்திகைக்கு விளக்கு வைத்து உன் வீட்டுக்காரர் பெயருக்கு அர்ச்சனை செய்தேன்.

வள்ளியாத்தாள்

*

தோட்டத்து வீடு
பங்குனி 14

ராசுவுக்கு.

இதை முதலில் படி: எட்டு நாளாகத் துணிப் பக்கத்தில் ஒரு கோடும் இல்லை. பகலில் ஒரு துணி நனையவில்லை. இரவில் ஒன்றே ஒன்று, அதுவும் விடியும் நேரம். பொன்னாத்தாளே மோவாயில் கை வைத்துக்கொண்டாள். "என்ற பேரன் மூணு வயசுல நடு ஊட்டுல போறானுங்க அக்கா, இந்தப் புள்ளைக்கு என்ன மந்திரம் போட்டீங்க?" என்று கேட்கிறாள். மந்திரம் இல்லை, நோட்டு என்றேன். கொஞ்சம் கர்வப்பட்டேன், மறைக்கவில்லை.

நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன். சித்திரையில் வந்து அழைத்துக்கொண்டு போ. நோட்டில் எல்லாம் இருக்கிறது, அதன்படி நேரம் பார்த்து உட்கார வைத்தால் போதும்.

தொட்டிலைக் கழற்றி வைக்கலாமா என்று உன் மாமா கேட்டார். நீ வரும்வரை இருக்கட்டும் என்றேன்.

வள்ளியாத்தாள்

*

சின்னக்கானல்
பங்குனி 22

அக்காவுக்கு.

அக்கா அக்கா அக்கா. எழுத வரவில்லை, கை ஓடவில்லை.

சித்திரை இருபதாம் தேதி அவருக்கு நாலு நாள் லீவு தருவதாகச் சொல்லிவிட்டார்கள். காய்ச்சல் இரண்டு வாரமாக வரவில்லை. போடிமெட்டு இறங்கி, போடியில் ரயில் ஏறி இருவருமாக வருகிறோம். சின்னத்தாய் மண் குழைத்து என் அறைத் தரையைப் பூசிவிட்டாள். "பொட்டப்புள்ள வாரா, குண்டும் குழியுமாவா கெடக்கது?" என்று என்னைத்தான் ஏசினாள். அடுப்புக்கு மேலே துணி காயப்போடும் கொடியை அவர் அவிழ்த்துவிட்டார். மூத்தவன் போன பிறகு அந்தக் கொடியை நாங்கள் இருவருமே தொடவில்லை. இப்போது சிரித்துக்கொண்டே அவிழ்த்தார்: "எங்க அம்மிணிக்கு இனி இது எதுக்கு?"

துண்டில் இன்னும் வாசம் இருக்கிறது. கொஞ்சமாகத்தான் முகர்கிறேன், தீர்ந்துவிடும் என்று.

செல்லாவிடம் சொல்லுங்கள். என்ன சொல்வீர்களோ தெரியாது. சொல்லுங்கள்.

ராசம்மாள்

*

தோட்டத்து வீடு
பவ வருடம், சித்திரை 4

ராசுவுக்கு.

இதை எழுத நேற்றிலிருந்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறேன். உள்ளதை எழுதிவிடுகிறேன்.

சித்திரை இரண்டாம் தேதி கோடை மழை அடித்தது. தோட்டம் நிறைந்துவிட்டதால் காளிச்சாமி மாட்டை அவிழ்த்துவிட்டார். அன்று செல்லா பதினொரு துணி நனைத்தாள். மறுநாள் ஒன்பது. கிணற்றடியிலேயே வைத்துப் பார்த்தேன். 'ஸ்ஸ்' என்று தொண்டை வறளச் சொன்னேன். அவள் என் மூக்குத்தியைப் பிடித்துச் சிரித்தாள். உடம்புக்கு ஏதோ என்று திருநீறு போட்டேன்.

காளிச்சாமி ஓரமாக நின்று பார்த்துக் கொண்டிருந்தார். "அம்மிணி, கோவிச்சுக்காதீங்க. புள்ளையப் பழக்குனது நீங்க இல்லீங்க. என்ற மாடுங்க" என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் போய் மாட்டைப் பூட்டிக்கொண்டு வந்தார். தேவையே இல்லாமல் ஒரு சால் இறைத்தார். சால் மேலே வந்து குபுகுபுவென்று தொட்டியில் கொட்டியதும், என் காலில் இருந்த செல்லா போய்விட்டாள். மறுபடி ஒரு சால். இருந்த இரண்டு சொட்டும் போனது.

மூன்று மாதம் நான் எழுதிய நோட்டு முழுதும் அந்தத் தண்ணீர்ச் சத்தத்தின் கணக்கு, ராசு. விடியல், கஞ்சி வேளை, தூங்கி எழும் வேளை மூன்றிலும் கிணற்றில் சால் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது காதிலேயே விழவில்லை. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம், எப்படி விழும்? பிள்ளைக்கு மட்டும்தான் கேட்டிருக்கிறது.

உன் மாமாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். அப்புறம் பூஜை அறைக்குள் போய் நின்றபோதுதான் இன்னொன்று தெரிந்தது. இவள் இப்போதைக்குப் போக மாட்டாள் என்று என் வயிற்றுக்குள் ஒரு சந்தோஷம். ஆண்டவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதையும் நோட்டில் எழுதி வைத்தேன்.

இந்த நிலையில் மழைக்கு அங்கே கொண்டு போவது எனக்குச் சரியாகப் படவில்லை. இருபதாம் தேதி வர வேண்டாம். தை வரட்டும்.

வள்ளியாத்தாள்

*

சின்னக்கானல்
சித்திரை 11

அக்காவுக்கு.

தை வரட்டும் என்று ஒரு வரியில் எழுதிவிட்டாய். இங்கே இருந்து எண்ணிப் பார். ஒன்பது மாதம். ஒரு பிள்ளையைச் சுமந்து பெறுகிற காலம்.

மாசியில் நீ அடித்த வரியை நான் அன்றைக்கே வெயிலில் பிடித்துப் பார்த்தேன். உனக்கு மை சிந்தாது, அக்கா. எழுத்து சொல்லிக் கொடுத்தவள் நீ, உன் எழுத்து எனக்குத் தெரியாதா? 'என்னை ம்மா என்று கூப்பிடுகிறாள்.' இரண்டு மாதமாக அதை மனசில் வைத்துக்கொண்டு உனக்குச் சிரித்துச் சிரித்துக் காகிதம் எழுதினேன்.

மாடு இல்லாமல் பழக்க உனக்கு வராதா, இல்லை இஷ்டம் இல்லையா? உள்ளதைச் சொல்லு.

சின்னத்தாயிடம் படித்துக் காட்டினேன். அழுவாள் என்று பார்த்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "அடி பாவி, இங்க மேல அருவி ராவும் பகலும் கொட்டுதே! உம்மவ வந்தா நிப்பாட்டவே மாட்டாளே!" எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு நிற்கவில்லை, அப்புறம் அது வேறாகிவிட்டது. அவள் என் தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நனைந்தால் நனையட்டும், நான் போய்த் தூக்கி வந்துவிடுகிறேன், என் உடம்புச் சூட்டில் துணியைக் காய வைக்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து போய், அவிழ்த்துப் போட்ட கொடியை எடுத்து அடுப்புக்கு மேலே மறுபடி கட்டினார். கட்டி முடித்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "என்னால இன்னொரு குழி தோண்ட முடியாது ராசம்மா" என்றார். மூத்தவனைக் கையில் எடுத்துக்கொண்டு போனவர் அவர்.

லீவு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

'நீ' என்று எழுதிவிட்டேன் அக்கா. அடித்துத் திருத்தினால் நீங்களும் வெயிலில் பிடித்துப் பார்ப்பீர்கள். அப்படியே இருக்கட்டும்.

ராசம்மாள்

*

தோட்டத்து வீடு
சித்திரை 30

ராசுவுக்கு அக்காள் எழுதுவது.

உன் காகிதம் பதினாறாம் தேதி வந்தது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் இருக்கிறது, வரிசையாகச் சொல்கிறேன்.

மாடு இல்லாமல் பழக்க வராதா, இஷ்டம் இல்லையா என்று கேட்டாய். இரண்டும்தான். உன் காகிதம் வந்த அன்று காளிச்சாமியிடம் சொல்லி எருதுகளைக் கீழ்க்காட்டு உழவுக்கு அனுப்பிவிட்டேன். கிணற்றடிக்கும் போகவில்லை. சமையல் அறையை ஒட்டிய முற்றத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். 'ஸ்ஸ்' சொல்லவில்லை. நேரமும் பார்க்கவில்லை. அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் மாறும், ராசு. ஆடிக்கொண்டிருப்பவள் திடீரென்று நின்று, தூரத்தில் யாரோ கூப்பிட்ட மாதிரி கேட்பாள். இடது புருவம் தூக்கும். மூன்று மாதம் நோட்டைப் பார்த்தேனே தவிர இதைப் பார்க்கவில்லை. நீயாக இருந்தால் முதல் நாளே பார்த்திருப்பாய். அந்த நேரம் தூக்கிக் காலில் வைத்தேன். சில தடவை சரியாக வந்தது, பல தடவை சேலை நனைந்தது.

பத்தொன்பதாம் தேதி மத்தியானம் காலை நீட்டி உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக் கொண்டிருந்தேன். அவளை நான் கவனிக்கவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். என் பாதத்தைக் கையால் இரண்டு தட்டு தட்டினாள். விளையாடுகிறாள் என்று நான் கடலையை உரித்தேன். மறுபடி இரண்டு தட்டு, இந்த முறை ஓங்கி. பிறகு தானே காலின் மேல் ஏறி, என் பக்கம் திரும்பி, முழங்காலைப் பிடித்து உட்கார்ந்தாள். போனாள். சால் இல்லை, 'ஸ்ஸ்' இல்லை, ஒரு சத்தமும் இல்லை. கடலைக்காய்த் தோல் எல்லாம் நனைந்தது.

அன்றைக்கு முற்றத்தில் இருந்தவர்கள்: நானும் அவளும். வேறு யாரும் இல்லை. அதனால்தான் மறைக்க முடிந்தது.

நோட்டில் அன்றே எழுதினேன். உனக்கு எழுதவில்லை. பதினொரு நாள். நாளைக்கு எழுதலாம், இன்னும் உறுதியாகட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உறுதி முதல் நாளே ஆகிவிட்டது.

நேற்று உன் மாமா காலை நீட்டிச் சாப்பிட உட்கார்ந்தார். அவர் பாதத்தைப் போய்த் தட்டினாள். "ஏ புள்ளே, நான் சோறு உங்கறனே!" என்று கத்தினார், காலை மட்டும் எடுக்கவில்லை. சாயங்காலம் மோருக்கு வந்த பொன்னாத்தாளின் காலையும் தட்டினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் காலாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு இல்லை. நீட்டிய கால் எதுவானாலும் போதும். சுருக்கென்று இருந்தது. அப்புறம் உன் ஞாபகம் வந்தது. அடுப்புக்கு எதிரே நீ சாயங்காலம் நீட்டி வைத்திருக்கிற காலை யாரும் தட்டவில்லையே என்று.

மலையில் அருவி கொட்டினாலும் பயம் இல்லை. முந்தாநாள் எருதுகள் திரும்பி வந்து சால் ஓடியது. சத்தத்தைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். உன் வீட்டுக்காரரிடம் இந்த வரியைப் படித்துக் காட்டு. இரவுக்கு மட்டும் பத்துத் துணி தைத்திருக்கிறேன். அவ்வளவும் நனையாது. அந்தக் கொடி இருக்கட்டும், அவிழ்க்கச் சொல்லாதே. இருந்தால் அவருக்கு மனசு நிம்மதியாக இருக்கும்.

அடித்த வரி உண்மைதான். என்னை 'ம்மா' என்றுதான் கூப்பிடுகிறாள். நான் திருத்தவில்லை. பெரியம்மா என்று ஒரு தடவைகூடச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதற்கு நோட்டில் கணக்கு இல்லை. நீ 'நீ' என்று எழுதியது எனக்கு வலிக்கவில்லை. சின்ன வயதில் அப்படித்தான் கூப்பிடுவாய்.

வைகாசி 12 போடி ஸ்டேஷனுக்கு நானும் உன் மாமாவும் அவளைக் கொண்டு வருகிறோம். மழைக்கு முன்னால் நீங்கள் மெட்டு ஏறிவிடலாம். ஒன்று சொல்கிறேன், கேள். எங்களைப் பார்த்ததும் ஓடி வந்து அவளைத் தூக்காதே. ஆறு மாதம் ஆகிவிட்டது, உன்னை அடையாளம் தெரியாது. அழுவாள், நீயும் அழுவாய். ஒரு சுவர் ஓரமாக உட்கார்ந்து காலை நீட்டி வைத்துக்கொண்டு சும்மா இரு. நான் கொஞ்சம் தள்ளி, காலை மடக்கிச் சேலைக்குள் மூடி உட்கார்ந்துகொள்வேன். உன் மாமாவையும் நின்றுகொண்டே இருக்கச் சொல்லியிருக்கிறேன். ரயிலில் வந்த பிள்ளை, எப்படியும் தேடுவாள். உன் காலைத் தட்டுவாள். ஏறி உட்கார்ந்தால் உன் முகத்தைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும், அவளுக்கு வேறு விதமாக உட்காரத் தெரியாது. அப்போது நீ எதுவும் பேசாமல் 'சரிதான்' என்று தலையை மட்டும் ஆட்டு. அதைத்தான் அவள் எதிர்பார்ப்பாள்.

துணி, கொலுசு, மருந்து, பால் சங்கு எல்லாம் கட்டி வைத்துவிட்டேன். நோட்டை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். அதைக் கேட்காதே.

பன்னிரண்டாம் தேதி வர முடியுமா, எத்தனை மணிக்கு வந்து சேர்வாய் என்று தெரிந்தால்தான் இங்கிருந்து கிளம்ப முடியும். காகிதம் கிடைத்த அன்றே பதில் எழுது.

வள்ளியாத்தாள்